தொண்ணூறு செகண்ட் விடியல்

உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராது, இப்படித் தள்ளி வாங்க. யாருக்குக் காட்ட வந்திருக்கீங்க, உங்களுக்கா? அப்பாவுக்கா, சரி சரி. உள்ள போயிட்டாருன்னா வெளிய வர ரெண்டு மணி நேரம் ஆகும், மனசைத் தேத்திக்கங்க. எனக்குச் சொட்டு மருந்து விட்டு உக்கார வச்சிருக்காய்ங்க. கண்ணுமணி விரியணுமாம். விரிஞ்சு உள்ள என்னத்தைப் பாக்கப் போறாய்ங்களோ. அந்த சிஸ்டர் புள்ள இருக்கே, கண்ணுல விடச் சொன்னா கன்னத்துல விடுது.

எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் கிடையாது, அதை மொதல்லயே சொல்லிடுறேன். நான் வந்தது சர்ட்டிபிகேட்டுக்கு. இந்தாளு கண்ணு நல்லாருக்குன்னு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதைக் கொண்டுபோயி எங்க நாடக மன்றத்து செக்ரட்டரி மேஜையில வச்சேன்னா, ஒரு பொம்பளை அன்னைக்கே வேலையை விட்டு வெளிய போகணும். அவரு வாயாலயே சொல்லிட்டாரு.

யாரு அந்தப் பொம்பளைன்னா, அங்க பாருங்க, கவுண்டர் வரிசையில நாலாவதா என் ஃபைலைக் கையில வச்சுக்கிட்டு நிக்குதுல்ல, பச்சைச் சேலை. அவதான். ரொம்பத் திரும்பிப் பாக்காதீங்க. என்னது, நீலச் சேலையா? பச்சைங்க அது. டியூப் லைட்டுக்குக் கீழ நிக்கிறா, உங்களுக்கு அப்படித் தெரியுது. கலரைப் பத்தி மட்டும் என்கிட்ட பேசாதீங்க. முப்பத்தஞ்சு வருஷமா எனக்கு அதுதான் பொழப்பு.

அவ ஏன் என்கூட வந்திருக்கான்னு கேக்குறீங்க. துணைக்கு ஆளு இல்லாம உள்ள விட மாட்டோம்னுட்டாய்ங்க இங்க. என் வீட்டுக்காரி போயிச் சேந்து ஆறு வருஷமாச்சு. மக ஓசூர்ல. நான் செக்ரட்டரி ரூம்ல நின்னு இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், இவ வாசல்ல இருந்து, நான் வர்றேண்ணேங்குறா. யாருக்கு யாரு அண்ணன்? வேலை போயிருமேன்னு பயம், காக்கா பிடிக்கிறா. காலையில இட்லி வேற கட்டிக் கொண்டாந்திருந்தா. தின்னேன். இட்லி மேல எனக்கென்ன கோவம்.

என் பேரு தனுஷ்கோடி. லைட் தனுஷ்கோடின்னா மதுரையில நாடகம் போடுறவன் எவனுக்கும் தெரியும். எங்க மன்றத்துக்குச் சொந்தமா அரங்கம் இருக்கு, வருஷாவருஷம் தை மாசம் நாடக விழா நடக்கும். செக்ரட்டரி நாகசுந்தரம் ஜவுளிக்கடை வச்சிருக்காரு. வெளிச்சம்னா அவருக்குக் கடை வாசல்ல தீபாவளிக்குத் தொங்குற சீரியல் பல்பு, அவ்வளவுதான். அவரு செக்ரட்டரி, நான் அவருகிட்ட கைகட்டி நிக்கணும். எங்க போயிச் சொல்ல.

அந்தக் காலத்துல விளக்குக்கு முன்னாடி கலர் பேப்பரைச் சொருகுவோம். நீல ராத்திரின்னா நீல பேப்பர், விடிஞ்சா ஆரஞ்சு பேப்பர். கடைக்காரன் குடுத்த கலர்தான், ஏத்தவும் முடியாது இறக்கவும் முடியாது. மூணு வருஷத்துக்கு முன்னால அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு எல்இடி விளக்கு வாங்குனாய்ங்க. கூடவே கன்சோல்னு ஒரு மேஜைப் பெட்டி. வரிசையா ஃபேடர், மேலயும் கீழயும் தள்ளுற கட்டை, பக்கத்துல ஒரு ஸ்க்ரீன். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு நூத்துக்கு இத்தனைன்னு நாமளே கலந்துக்க வேண்டியது. கலந்து, சரியா இருக்குன்னு தோணுச்சுன்னா ரெக்கார்டு பட்டனை அமுக்கி ஒரு நம்பர் குடுக்கணும். அதுக்குப் பேரு க்யூ. இந்த க்யூ ஏறுறதுக்கு இத்தனை செகண்டுன்னும் சொல்லிடலாம். நாடகத்தன்னைக்கு கோன்னு எழுதியிருக்குற பட்டனை ஒவ்வொரு தடவையா அமுக்குனா போதும், ரெக்கார்டு பண்ணுன வரிசையில தானா வந்துக்கிட்டே இருக்கும்.

அந்த பட்டனை அமுக்கத்தான் இவளை வேலைக்கு எடுத்தாய்ங்க. பேரு அமலோற்பவம். முன்னால எங்கேயோ ஸ்டூடியோவுல கல்யாண போட்டோ, செத்தவங்க போட்டோவைக் கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிக் குடுத்துக்கிட்டு இருந்தவ. அது ஒரு வேலை, கருத்த பொண்ணை வெளுப்பாக்குறது. இங்க வந்து எனக்கு அசிஸ்டெண்ட். நாப்பத்திரெண்டு வயசு, புருஷன் கிடையாது, ஒரு பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். இந்தச் சம்பளத்துலதான் ஓடுது. அதெல்லாம் எனக்கு எதுக்குங்க.

வேலை எப்படி நடக்கும்னா, நான் மூணாவது வரிசையில உக்காருவேன். அவ பின்னால கண்ணாடிக் கூண்டுல கன்சோல்ல இருப்பா. நான் மைக்ல சொல்லுவேன், நீலம் ஏத்து, இன்னும் ஏத்து, எண்பது, தொண்ணூறு, ஆங் நிறுத்து, ரெக்கார்டு க்யூ ஒம்போது. இந்த எல்இடி நீலம் இருக்கே, தண்ணி ஊத்துன பாலு. எழுபது வச்சாலும் மேடையில ஒண்ணும் தெரியாது. மலிவுச் சரக்கு. செக்ரட்டரிக்கு எங்க தெரியப்போகுது. நான்தான் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு ஏத்தி ஏத்தி ஒரு மாதிரியா ராத்திரியாக்குவேன். பக்கத்துல டைரக்டரு உக்காந்துக்கிட்டு, சார் எனக்கு இந்த இடத்துல துக்கம் வேணும்பான். துக்கம் எத்தனாவது ஃபேடர்ல இருக்குன்னு கேட்டேன் ஒரு நாளு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கிளம்பிடுவேன். அவ இருந்து எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு வர்றேண்ணேம்பா. சின்சியரான பொம்பளைன்னு நானும் நினைச்சேங்க. ஏமாந்த சோணகிரி.

இப்ப அந்த விடியலைச் சொல்லணும். போன வருஷ விழாவுல ஒரு நாடகம். ஜெயில் வாசல்ல ஒரு தாயி ராத்திரி பூராம் உக்காந்திருக்கா. விடிஞ்சா மகனோட உடம்பை வெளிய குடுப்பாய்ங்க. வசனமே கிடையாது. அந்தம்மா உக்காந்திருக்கும், விடியும், கதவு திறக்கும். நாடகமே அந்த விடியல்தான். நடிச்சது மீனலோசனின்னு ஒரு அம்மா, பேங்குல வேலை. பேசுனா டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரியே பேசும், அதனாலதான் வசனத்தை எடுத்துட்டாய்ங்கன்னு நினைக்கிறேன்.

அந்த விடியல் க்யூ அறுபது. தொண்ணூறு செகண்ட். அதை எப்படிப் பிடிச்சேன் தெரியுமா? ரிகர்சல்ல அந்தம்மா பெருமூச்சு விடுறதை எண்ணுனேன். மூணு பெருமூச்சு, தொண்ணூறு செகண்ட். எண்பதுல விடிஞ்சா அவசரமாப் போயிரும், அந்தம்மா அப்பத்தான் வந்து உக்காந்த மாதிரி இருக்கும். நூறுல விடிஞ்சா ஜனம் இருமும். தொண்ணூறு. விழாவுல அது ஓடுனப்போ அரங்கத்துல ஒருத்தன் மூச்சு விடல. ஜனத்தோட மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியாது, நாடகத்தன்னைக்கு நான் மேடை ஓரத்துத் திரை மறைவுல, சைடு விங்ல நின்னு மைக்ல கோன்னு சொல்லுவேன், அவ அமுக்குவா. ஆனா அந்த அமைதி விங் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் ஒரு பொம்பளை கேவி அழுகுறது கேட்டுச்சு. அப்புறம் இன்னொண்ணு. சிறந்த ஒளியமைப்புன்னு ஷீல்டு குடுத்தாய்ங்க. வாங்கிட்டு வந்து வீட்டுக்காரி போட்டோவுக்குக் கீழ வச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதாங்க.

இந்த வருஷம் தையில அதே நாடகத்தை மறுபடி போடச் சொன்னாய்ங்க, ஜனம் கேக்குதுன்னு. நாடகத்துக்கு மொத நாளு அமலோற்பவத்தோட மாமியாரு செத்துப் போச்சு. அந்தக் கிழவிக்கு வேற நாளே கிடைக்கல. இவ சாவுக்கு நத்தத்துக்குப் போயிட்டா. போறப்போ போன் பண்ணி ஏதோ ஃபைலு, ரெண்டாவது ஃபைலைத் திறக்கச் சொல்லுங்கண்ணேன்னு என்னமோ சொன்னா. அடி போடி, நீ இல்லாட்டி நாடகம் நடக்காதான்னு வச்சுட்டேன். சவுண்டு பாக்குற சிக்கந்தரை கன்சோல்ல உக்கார வச்சேன். என் பேருல ஃபைல் இருக்கும், அதைத் திறடான்னேன். திறந்தான்.

மொதல் சீன்லயே சலசலன்னு பேச்சு. நான் விங்ல நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் புரியல. சவுண்டுல ஏதோ கோளாறு போலன்னு நினைச்சேன். க்யூ அறுபது வந்துச்சு. கோன்னேன். தொண்ணூறு செகண்டும் ஓடல, நாப்பது செகண்டுல பின்னால இருந்து ஒருத்தன் கத்துறான், அந்தம்மா எப்படா கிருஷ்ணரு வேஷம் கட்டுச்சுன்னு. அரங்கமே சிரிச்சுச்சுங்க. மகன் உடம்புக்குக் காத்துக்கிட்டு இருக்குற தாயைப் பாத்து எழுநூறு பேரு சிரிக்கிறாய்ங்க. மீனலோசனி அப்படியே உக்காந்திருந்துச்சு, எந்திரிக்கவே இல்ல. திரையை இறக்குனப்புறம்தான் அழுதுச்சு.

நீலமா இருந்துச்சாம். முகம், கை, சேலை, ஜெயில் கதவு எல்லாம் நீலமாம். எல்லாரும் வந்து வந்து சொல்றாய்ங்க. நான் மேடையில ஏறி நின்னு பாத்தேன், அந்த க்யூவைத் திரும்பப் போடச் சொல்லி. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. விடியக்காலம் மாதிரித்தான் இருந்துச்சு. இந்த ஊருக்காரய்ங்களுக்கு ரசனைன்னா என்னன்னு தெரியுமாங்க? கறிக்கடை வாசல்ல கட்டுற பல்பு வெளிச்சத்துல வளந்த பயலுக.

மறுநாள் சிக்கந்தரைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். ஸ்க்ரீன்ல எழுத்து பொடிப்பொடியா இருக்கும், அவன் படிக்க நான் எழுதிக்கிட்டேன். அப்பத்தான் வெளிய வந்துச்சு திருட்டுத்தனம். ரெண்டு ஃபைல் இருக்குதுங்க. ஒண்ணு நான் சொல்லச் சொல்ல ரெக்கார்டு பண்ணுனது. இன்னொண்ணு அதே பேருல, பக்கத்துல ரெண்டுன்னு போட்டு. நான் ஆறு மணிக்குக் கிளம்புனப்புறம் ஏழு, எட்டு மணிக்கு சேவ் பண்ணது. நான் நீலம் தொண்ணூறு வச்ச எடத்துல முப்பத்தஞ்சு. நான் முன் விளக்கை நூறு வச்ச எடத்துல அறுபது. மொத்தம் அறுபத்திரெண்டு க்யூ, அறுபத்திரெண்டுலயும் கை வச்சிருக்கா. செகண்டை மட்டும் தொடல. ரெண்டரை வருஷமா ஒவ்வொரு நாடகத்துக்கும் இதே மாதிரி ரெண்டு ரெண்டு ஃபைல். நாடகத்தன்னைக்கு ஓடுனது பூராம் ரெண்டாவது ஃபைலு.

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. நான் சொல்றேன் கோன்னு, அவ அமுக்குறது அவ லைட்டை. என்னை ஒரு பொம்மையா விங்ல நிக்க வச்சிருக்கா. எழுதிக் குடுத்துட்டேன் கம்ப்ளெயிண்ட், நாலு பக்கம். என் ஃபைலையும் அவதான் கெடுத்து வச்சிருக்கணும், நான் வச்ச நீலம் அப்படி இருக்காதுன்னும் சேத்து எழுதுனேன். செக்ரட்டரி நாலு பக்கத்தையும் படிச்சுட்டு, தனுஷ்கோடி, நீங்க போயி ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்கங்குறாரு. கண்ணு நல்லாருக்குன்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டா அன்னைக்கே அவளை நிறுத்திடுறேன், இல்லைன்னா நீங்க கன்சோல் பக்கம் போகக் கூடாதுன்னாரு. ஜவுளிக்கடைக்காரரு என் கண்ணுக்குச் சர்ட்டிபிகேட் கேக்குறாரு. சரி, வாங்கிட்டு வர்றேன், மூஞ்சியில வீசுறேன்னு வந்துட்டேன்.

கூப்பிடுறாய்ங்களா? தனுஷ்கோடின்னுதான சொன்னாய்ங்க. எந்திரிச்சுப் போயிறாதீங்க, எடத்தைப் பாத்துக்கங்க, வந்துடுறேன்.

*

இருக்கீங்களா. இது நீங்கதான? சட்டையை வச்சுக் கண்டுபிடிச்சேன். மருந்து போட்டதுல எல்லாம் மூடாக்கா இருக்கு.

உள்ள டாக்டர்னு ஒரு பயல். மீசை சரியா முளைக்கல. தாடையை மெஷின்ல வைக்கச் சொன்னான், சுளீர்னு ஒரு லைட்டை அடிச்சான். லைட் அடிக்கவும் தெரியல. வலது கண்ணுல புரை முத்திப் போச்சாம். இடது கண்ணுல முக்கால்வாசியாம். மூணு நாலு வருஷமா இருந்திருக்கணுமே, உங்களுக்கு வித்தியாசமே தெரியலையாங்குறான். எனக்கென்ன வித்தியாசம், நான் தினம் பாக்குற கண்ணுதானன்னேன். மஞ்சக் கண்ணாடி போட்ட மாதிரிங்கய்யா, நீலம் உள்ளயே வராது, ஆப்பரேஷன் முடிஞ்சு கட்டைப் பிரிச்சதும் வானத்தைப் பாத்து நிறைய பேரு அழுதுடுவாங்க, பயந்துறாதீங்கங்குறான். நான் எத்தனை வானம் போட்டவன்னு அவனுக்குத் தெரியுமா. சொல்லல. எதுக்கு அவன்கிட்ட.

வியாழக்கிழமை ஆப்பரேஷன்.

வெளிய வந்ததும் வராண்டாவுல அவளைப் பிடிச்சேங்க. மத்த அறுபத்தோரு க்யூ கிடக்கட்டும், அந்த விடியல் யாருதுன்னு கேட்டேன். நேராக் கேட்டேன். அவ ஃபைலை நெஞ்சோட வச்சுக்கிட்டுச் சொன்னா.

"தொண்ணூறு செகண்டு உங்களுதுண்ணே. அது எனக்கு வராது. நெறம் மட்டும்தான் நான் பாத்தது."

நெறம் மட்டுமாம். லைட்ல நெறத்தைத் தூக்கிட்டா மிச்சம் என்னடி இருக்கு, வெறும் கடிகாரமான்னு கேட்டேன். ஏன் என்கிட்ட சொல்லாம திருட்டுத்தனமாப் பண்ணுனன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னா.

"நீலம் ஜாஸ்தியா இருக்குன்னு மூணு தடவை சொன்னேண்ணே. மூணாவது தடவை எல்லார் முன்னாலயும் மைக்ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லைன்னேன்.

இருக்குங்க. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ நான் யாரோ. பொணத்துக்கும் பொண்ணுக்கும் பவுடர் அடிச்சுக்கிட்டு இருந்த கழுதைக்கு வெளிச்சத்தைப் பத்தி என்னடி பேச்சுன்னு சொன்னேன். மைக்ல. அரங்கம் பூராம் கேட்டுச்சு, சிக்கந்தர் சிரிச்சான், அந்த மீனலோசனி மட்டும் சிரிக்கல. அதுக்கப்புறம் இவ ஒரு நாளும் என்கிட்ட வாயைத் திறக்கல. சரிண்ணேன்னு மட்டும் சொல்லுவா. எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு.

இருங்க, போனைக் கொண்டாந்து நீட்டுறா. யாரு? செக்ரட்டரியா? கொண்டா.

வணக்கம் சார், தனுஷ்கோடிதான். ஆமா, பாத்தாச்சு சார். கண்ணுக்கென்ன, கண்ணு நல்லாத்தான் இருக்காம். லேசா பவர் மட்டும் மாத்தணுமாம். ஆமா, எழுதித் தருவாங்க. இல்ல சார், கம்ப்ளெயிண்ட்டைப் பத்திதான் நானே பேசணும்னு இருந்தேன். அந்த பொம்பளையை நிறுத்த வேணாம். ஆமா, நான்தான் எழுதிக் குடுத்தேன். இப்ப நான்தான் வேணாங்குறேன். பட்டன் அமுக்க ஒரு ஆளு வேணும்ல சார், இருந்துட்டுப் போகட்டும், நான் மன்னிச்சுட்டேன். அப்புறம் எனக்கு ஒரு மூணு வாரம் லீவு வேணும். ஓசூர்ல மக வீட்டுல ஒரு ஜோலி. அதுவரைக்கும் லைட்டை அவ பாத்துக்குவா. நான் எல்லாம் விவரமா எழுதிக் குடுத்துட்டுத்தான் போவேன். சரி சார். சரி சார். வச்சுடுறேன்.

இந்தா போனு.

கேட்டீங்கல்ல? எவன் செய்வான் இப்படி? அவ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் பொய் சொல்ல மாட்டேன்னுதான் நினைச்சிருப்பா. ஒரு வார்த்தை சொல்லலாம்ல? நன்றின்னு சொல்ல வேணாம். ஏண்ணே இப்படிச் சொன்னீங்கன்னு ஒரு சண்டையாவது போடலாம்ல? வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு வரணும், ஆட்டோ கொண்டாறேன், வெறும் வயித்துல இருங்கன்னுட்டுப் போறா. அவ்வளவுதான்.

மாத்திரை வாங்கப் போறாளா? அங்கதான நிக்கிறா? எனக்குத் தெரியலங்க. ஏதோ ஒரு உருவம் நிக்கிற மாதிரி இருக்கு, அவளான்னுகூடத் தெரியல. முகமே இல்ல.

தம்பி, உங்க கண்ணு நல்லாத்தான இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இந்தப் பக்கம் பாக்குறாளா? என்னைப் பாத்துச் சிரிக்கிறாளா? சிரிச்சா சிரிக்கட்டும், எனக்கு வேணும், நான் தாங்கிக்குவேன். சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.

சிரிக்கலையா?

அப்ப எப்படித்தாங்க பாக்குறா?